கடல் மட்டம் எத்தனை அடி?

காலையில் பேப்பர் வந்ததும் ராசிபலனுக்கு முன்னால் ஏரி நிலவரம் பார்க்கிற இனம் நாங்கள். நிரம்பினால் செம்பரம்பாக்கம் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி, புழல் 21.20 அடி, 3,300 மில்லியன் கன அடி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குடும்பஸ்தன் என்று பேர் எடுத்தவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வான். கல்யாண நாளை மறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. இந்த எண்களை ஒருநாளும் மறந்ததில்லை.

தண்ணீர் எங்களுக்கு இரண்டு விதமாகத்தான் பழக்கம். வராது, வந்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அத்தனையும் ஆவடி, அம்பத்தூர் ஸ்டேஷன்களைத் தாண்டித்தான் போனது. குடத்தோடு பிளாட்பாரத்தில் போய் நிற்கலாமா என்று யோசித்தேன். “அது உங்களுக்காக நிக்காதுங்க” என்றாள் மனைவி. 2015 டிசம்பரில் நேர்மாறு. கூடத்துச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில் வெள்ளத்துக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அன்றைய கணக்குப்படி வெள்ளம் என் மகளைவிட இரண்டு அங்குலம் குள்ளம்.

இப்படிப்பட்டவனிடம் வந்து, தண்ணீர் பக்கத்தில் துண்டை விரித்துச் சும்மா படுத்துக் கிடப்பதுதான் விடுமுறை என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னவன் என் மைத்துனன். குடும்பத்தோடு கிரேக்க நாட்டின் ஜாகிந்தோஸ் தீவுக்குப் போய் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மூன்று பக்கமும் செங்குத்தாக வெள்ளைப் பாறை. நடுவே கையகல மணல். சொட்டு நீலம் கலந்த மாதிரி தண்ணீர். மணலில் ஒரு துருப்பிடித்த கப்பல். 1980இல் கள்ளச் சிகரெட் ஏற்றிவந்து கரைதட்டிய ‘பனாயோட்டிஸ்’ என்ற கப்பலாம் அது. பாறை சரிகிறதென்று கரையில் இறங்க விடாததால் படகில் இருந்தபடியே படம் பிடித்திருக்கிறான்.

“துருப்பிடிச்ச இரும்பைப் பார்க்க எதுக்கு விமானம் ஏறணும்? அம்பத்தூர் எஸ்டேட்ல எந்த சந்துல திரும்பினாலும் இருக்கு” என்றேன்.

மனைவி பதில் பேசவில்லை. அவள் திட்டினால் பயமில்லை. பேசாமல் ஏலக்காய் உரித்தால்தான் பயம். எனவே விளக்கத்தில் இறங்கினேன். மத்தியதரைக் கடலைக் கடல் என்பதே கொஞ்சம் மிகை. சுற்றிலும் நிலம், அட்லாண்டிக் பக்கம் ஜிப்ரால்டரில் 14 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு மதகு. ஓதம்கூடப் பெரும்பாலான இடங்களில் ஓரடி ஏறி ஓரடி இறங்கினால் அதிகம். மதகு இருந்தால் ஏரிதானே? ஏறக்குறைய 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்த மதகு அடைபட்டு, ஏரி பெரும்பாலும் வற்றியும் போயிருக்கிறது. பிறகு அட்லாண்டிக் உடைத்துக்கொண்டு வந்து நிரப்பியிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு 2019 உண்டு, ஒரு 2015உம் உண்டு. ஜோலார்பேட்டைதான் கிடையாது.

“ஆக, ஏரி பார்க்கணும்னா பருத்திப்பட்டுக்குப் போகலாம். ஆவடியில இறங்கினா ஷேர் ஆட்டோ. படகுகூட விடறாங்க” என்று முடித்தேன்.

“அப்பா, கோவளம்” என்றாள் மகள். அவள் குரலில் இருந்தது யோசனை அல்ல, தீர்ப்பு.

அவளிடம் நியாயம் இருந்தது என்பதைப் பிறகு வரைபடத்தில் பார்த்தேன். நம் கரை சென்னையை ஒட்டி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலப் போகிறது. தென்மேற்குப் பருவத்து அலை மணலை வருஷத்தில் பெரும்பகுதி வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். குடாவோ ஒதுங்கிடமோ நிலைத்து நிற்க விடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் எழுப்பி அந்த மணலை மறித்ததும், தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. கோவளத்தில் மட்டும் பாறை முனை ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதால் மணல் கொஞ்சம் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வளைவுக்காகவே நவாப் காலத்தில் துறை, கோட்டை, பிறகு பிரெஞ்சுக்காரர்கள். 1752இல் கிளைவ் வந்து பிடித்துக் கோட்டையைத் தகர்த்தார். கோட்டை இருந்த இடத்தில் இப்போது சொகுசு ஹோட்டல். அதன் ஒருநாள் வாடகையைக் கேட்டபோது கிளைவ் செய்தது நியாயம் என்றே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பினோம். புளியோதரை, தயிர்சாதம், வடாம், பழைய பெட்ஷீட், அம்மாவின் மடக்கு நாற்காலி. இவற்றோடு 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. ஒன்று குடிக்க, மற்றது உப்பு கழுவ. கடலுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிற ஒரே குடும்பம் நம்முடையதுதான் என்றான் மகன். 2019இல் அவன் மூன்றாம் வகுப்பு. அவனுக்கு எப்படித் தெரியும்? பட்டாபிராம் போய் வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் மிருகக்காட்சி சாலைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காதபடி பேச்சுக் கொடுத்து, கேளம்பாக்கம் வழியாகக் கோவளம்.

மணலில் கால் வைத்ததும் அம்மா கேட்டது: “இன்னிக்கு என்ன திதி?”

“சஷ்டிம்மா.”

“பர்வ நாள் இல்லாம சமுத்திரத்தைத் தொடக் கூடாதுடா. சேதுன்னாலும் பரவாயில்லை.” நாற்காலியை அலைக்கு எட்டாத தூரத்தில் போடச் சொன்னாள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நாற்காலி பத்தடி முன்னால் இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் பாதம் நனைந்துகொண்டிருந்தது. “நானாப் போய்த் தொடலை. அது வந்து தொட்டா தோஷமில்லை” என்றாள்.

மனைவி புடவையைக் கணுக்காலுக்கு மேல் நான்கு விரற்கடை தூக்கிப் பிடித்தபடி போனாள். ஐந்தாவது நிமிஷம் கழுத்தளவு நனைந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மகன் சர்ஃபிங் பலகையைப் பார்த்துவிட்டான். கோவளத்து மீனவர் வீட்டுப் பையன்கள் அதில் ஏறி நின்று வருகிற லாவகத்தைப் பார்த்தால் எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். என் மகன் ஏறி நின்றதை நான் பார்க்கவில்லை, விழுந்ததைப் பார்த்தேன். பலமுறை பார்த்தேன். மகளோ, சார்டீனியா தீவில் மணல் எடுப்பதே குற்றம் என்றும், 2019இல் ஒரு பிரெஞ்சு ஜோடி பாட்டில் பாட்டிலாக 40 கிலோ மணலோடு பிடிபட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டே சிப்பி பொறுக்கினாள். நம் ஊரில் மணல் அள்ளுகிறவர்களுக்குப் பாட்டிலில் அள்ளும் பொறுமை கிடையாது.

நான் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் கால் தானாக நின்றது. கூடத்துச் சுவரில் இந்த உயரம் வந்தபோதுதான் ஃபிரிட்ஜ் கிளம்பியது. கரையேறினேன். துண்டை விரித்துப் படுத்தேன். ஐரோப்பியர்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலை. எனக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடவில்லை. கேஸ் சிலிண்டரை மூடினோமா என்பதில் ஆரம்பித்து, சொத்து வரி கடைசித் தேதி வரை வந்தபோது எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் தகவல் பலகை கண்ணில் பட்டது. சுற்றுலாப் பயணியாக நான் முதன்முதலில் மகிழ்ந்த கணம் அது. கோவளம் 2021இல் ‘நீலக்கொடி’ பெற்ற கடற்கரை. டென்மார்க்கிலிருந்து இயங்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை 33 அளவுகோல் வைத்துத் தருகிற சான்றிதழ். கடல் நீரைப் பரிசோதித்து முடிவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை கிருமி 250க்குள் இருந்தால்தான் முதல் தரம். குளிக்கிற உப்புத் தண்ணீருக்கு இத்தனை ஜாதகமா! சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் குறிக்க ஆரம்பித்தேன். அங்கே நின்ற உயிர்காவல் இளைஞனிடம், இதே கடலிலிருந்துதான் தெற்கே நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க ஆரம்பித்தார்கள், வடக்கே காட்டுப்பள்ளியில் 2010இலேயே 10 கோடி, செம்பரம்பாக்கத்துக் கணக்கில் அது இவ்வளவு என்றெல்லாம் விவரித்தேன். அவன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு விறைப்பாக நின்றான்.

“சார் எந்த டிபார்ட்மென்ட்?”

நான் பதில் சொல்வதற்குள் சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கையில் பேனா, சுருட்டிய பேன்ட், முகத்தில் திருப்தியின்மை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

“மணல் ரொம்பச் சுடுதுங்க சார்” என்றார் தாம்பரத்திலிருந்து வந்த பெரியவர். குறித்துக்கொண்டேன்.

“குழந்தைங்க விளையாடுற பக்கம் மட்டும் அலையைக் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லக் கூடாதா?” என்றார் ஓர் அம்மா. அதையும் குறித்துக்கொண்டேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து, தலை முதல் கால் வரை ஈரம் சொட்ட என் மனைவி கை தூக்கினாள். “சார், எங்க வீட்டுக்காரர் மட்டும் தண்ணியிலயே இறங்க மாட்டேங்கறார். ஏதாவது நடவடிக்கை எடுப்பீங்களா?”

“அடுத்த மீட்டிங்ல வைக்கிறேன்மா” என்றேன்.