வழுக்கும் பாடம்

புலனாய்வு அதிகாரிகளுக்கான பாடத்திட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. தடயவியல் உண்டு, சைபர் உண்டு, 2024 ஜூலை 1-இல் அமலான புதுக் குற்றவியல் சட்டங்களும் உண்டு. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும். சோதனையை செல்போனிலாவது படம்பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தால், அமைச்சர் வருகைக்கு பந்தோபஸ்து. புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொன்னது. அந்த உத்தரவும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கும்.

அசல் பயிற்சியை ஸ்டேஷன் ரைட்டர் தருகிறார். பழைய கேஸ் கட்டு ஒன்று போதும். “ரகசியத் தகவலின்பேரில்” என்று தொடங்க வேண்டும். ஆசாமி சந்தேகப்படும்படி நிற்க வேண்டும். போலீசாரிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்று 1872-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். ஆசாமி காட்டிய இடத்தில் பொருள் சிக்கினால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதனால் நம் ஊர்க் கத்திகள் எல்லாம் முட்புதரிலேயே கிடக்கின்றன.

பிறகு அந்த ஆசாமி ஸ்டேஷன் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்கிறார். கட்டுப்போட்ட கையோடு போட்டோவும் வருகிறது. அதே கழிப்பறைக்கு அன்றாடம் போகும் ஏட்டையாவுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அந்தத் தரையைப் பார்க்கத்தான் தடயவியல் நிபுணரை யாரும் கூப்பிடுவதில்லை.