ஏறி இறங்கினால் 730!

கேள்வி: மின் கட்டணத்தை நிர்ணயிக்கிற ஆணைய உறுப்பினர், ஓய்வு பெற்ற மறுநாளே மின் கம்பெனியில் வேலைக்குச் சேரலாமா?
– மலையடிவாரத்து வாசகர், திருத்தணி.

பதில்: முடியாது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 89-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. பதவியை விட்ட பிறகு 2 ஆண்டுகளுக்கு மின்துறைக் கம்பெனியில் சம்பளம், டைரக்டர் நாற்காலி, வாசலில் ‘ஆலோசகர்’ போர்டு எதுவும் கூடாது. பிறருக்காக ஆணையத்தின் முன் வந்து நிற்பதற்கான தடைக்கோ கெடுவே கிடையாது. மூடிய கதவு மூடியதுதான்.

உங்கள் ஊர்க் கணக்கில், முருகன் கோயில் மலைப்படி 365. ஏறி இறங்கினால் 730. படிக்கு ஒரு நாள் என்றால், இரண்டு வருஷம் சரி! மொட்டை போட்ட தலையில் அதற்குள் முடி வளர்ந்துவிடும். பழைய செல்வாக்கு கொஞ்சம் உதிர்ந்திருக்கும். சட்டத்தின் நோக்கமும் அதுதான்.

ஆனால், பூட்டுப் போட்டவர்களிடம்தானே சாவியும் இருக்கிறது? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ தலைவராக இருந்தவர் பிறகு அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. 2014 மே மாதம், அந்த ஆணையத்தின் முன்னாள் தலைவர் நிருபேந்திர மிஸ்ராவைப் பிரதமரின் முதன்மைச் செயலாளராக்க, அவசரச் சட்டம் போட்டு அதைத் திருத்தினார்கள்.

படியேற முடியாதவர்களுக்கு மலைமேல் கார் பாதையும் உண்டல்லவா!