இன்னும் ஓடுதா?

சின்ன கார் ஏன் இத்தனை வருஷம் உழைக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டப வாசலில் பட்ட எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

என் வண்டி கேட்டுக்குள் நுழைந்ததுமே செக்யூரிட்டி ஜெனரேட்டருக்குப் பின்பக்கம் கை காட்டிவிட்டார். கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்கும் கேஸ் சிலிண்டர்களுக்கும் நடுவில் நுழைத்துவிட்டு இறங்கினால், எதிரே ஒன்றுவிட்ட மச்சினர்.

"என்ன மாப்ளே, இது இன்னும் ஓடுதா?"

அதிலிருந்து நான் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தது: "என்ன குடுக்குது?"

"இருபத்திரண்டு" என்றேன்.

"என்னுது இருபத்தஞ்சு" என்றார். அவருடையது ஏழு பேர் சாய்ந்து தூங்கக்கூடிய வண்டி.

மைலேஜில் பல வகை உண்டு. முதலாவது கம்பெனி மைலேஜ். இதைப் பரிசோதிக்கப் புனேயில் ஒரு ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. ஒரு அறைக்குள் உருளைகள்மேல் வண்டியை ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிடுவார்கள். வண்டி நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராது. ஏசி கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே மாடு கிடையாது, பின் சீட்டில் தலையணையோடு ஏறிய பெரியம்மா கிடையாது. அங்கே வரும் எண்தான் விளம்பரத்தில் வரும். நானும் எங்கேயும் போகாமல் ஓட்டினால் எனக்கும் அது கிடைக்கும்.

இரண்டாவது ஹைவே மைலேஜ். தாம்பரம் தாண்டியதும் ஏசியை அணைத்து, கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, அறுபதுக்கு மேல் முள் போகாமல் விக்கிரவாண்டி டோல்வரை குடும்பத்தை இட்லி மாதிரி அவித்து எடுத்தால் வருவது. லாரிகள் நம்மைத் தாண்டும். அப்புறம் டிராக்டர்கள் தாண்டும். மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே, "இறங்கி நடந்தா இன்னும் மிச்சமாகுமே" என்பாள்.

மூன்றாவது, சுத்தமான கணக்கு என்று எல்லோரும் சத்தியம் செய்கிற 'டேங்க் டு டேங்க்'. பங்க் பையன் "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்றதிலிருந்து கண்ணை இமைக்கக்கூடாது. 'டக்'கென்று கன் நின்றதும் விட்டுவிடக்கூடாது. "இன்னும் புடிக்கும்பா" என்று சொல்லி, வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் காற்று குபுக்கென்று வெளியேறி, இன்னும் கொஞ்சம் இறங்கும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். "ரவுண்ட் பண்ணிடவா சார்?" என்பான் பையன். ரவுண்ட் பண்ணினால் என் கணக்கு என்னாவது? டேஷ்போர்டுக்குள் பழைய பேங்க் டைரி ஒன்று, நூல் கட்டிய பேனாவோடு இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். வகுத்தால் பதினாறு வரும். அன்றைக்குப் பையன் சரியாகப் போடவில்லை என்று அந்த வரியை அடித்துவிடுவேன். அடிக்காத வரிகளின் சராசரிதான் இருபத்திரண்டு.

நான்காவது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லும் மைலேஜ். இதில் இரண்டாவதாகச் சொல்பவர்தான் ஜெயிப்பார். அதனால்தான் எல்லோரும் முந்திக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள். ஐந்தாவது, விற்கும்போது புரோக்கர் சொல்லும் மைலேஜ். "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, இருபத்தஞ்சுக்குக் குறையாது" என்று அவர் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டால், விற்கிறவருக்கே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

1983 டிசம்பர் 14ஆம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை டெல்லிக்காரரான ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். விலை 47,500 ரூபாய்க்குப் பக்கம். மூன்று சிலிண்டர், 796 சிசி. மனிதர் 2010-இல் இறக்கும்வரை அந்த வண்டியை விற்கவில்லை. அவருக்கும் ஒரு மச்சினர் இருந்திருப்பார். எத்தனை கல்யாணங்களில் எத்தனை ஜெனரேட்டர்களைப் பார்த்தாரோ!

நானோவை நினைத்தால் இன்னும் வருத்தம். 2008-இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று காட்டினார்கள். உலகத்திலேயே மலிவான கார் என்று ஊரெல்லாம் பேச்சு. பத்து வருஷத்தில் கடையைக் கட்டியாயிற்று. மலிவாகக் கிடைக்க வேண்டும், ஆனால் மலிவாக வாங்கியது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. இதுதானே நம் பாலிசி!

என் வண்டி என்ன கம்பெனி என்று சொல்லமாட்டேன். ஆனால் அது உழைப்பதற்குக் காரணம் இதுதான்: அதில் கெட்டுப்போவதற்கே ஒன்றும் கிடையாது. கண்ணாடியை ஏற்றி இறக்க மோட்டார் இல்லை, கையால்தான் சுற்ற வேண்டும். அந்தக் கைப்பிடியிலும் பின்பக்கத்து இரண்டும் கழன்று தொலைந்துவிட்டன. முன்பக்கத்ததை உருவிப் பின்னால் கொடுத்தால் பெரியம்மா இறக்கிக்கொண்டு, திருப்பித் தரும்போது "குளிருதுடா, ஏத்திவிடு" என்பார். வைப்பர் ஒரு பக்கம் மட்டும் துடைக்கும். அது டிரைவர் பக்கம் என்பதால் எனக்குப் புகார் இல்லை. மெக்கானிக்தான் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு வேலை தராதவனிடம் எப்படிச் சிரிப்பார்?

இதெல்லாம் ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் ஒரே தாவலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. டிங்கரிங், பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் தனி. இன்ஸ்பெக்டர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து ஐந்து வருஷம் எழுதிக் கொடுத்தார். அதே வாரம் என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர், மூன்று மாசத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது, இருபது வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 என்று 2025-இல் உத்தரவு போட்டிருக்கிறார்கள். வயசாக வயசாக மதிப்பை ஏற்றிக்கொண்டே போகிற ஒரே இடம் நாட்டில் ஆர்டிஓ ஆபீஸ்தான். பென்ஷன் ஆபீஸ்காரர்கள் ஒரு நடை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை.