எண்பதில் வரும் உதறல்

2014-இல் உத்தரப்பாடா ஆலை உற்பத்தியை நிறுத்தியதிலிருந்து, அம்பாசடர் வைத்திருப்பவர் எல்லோரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். ‘80-ஐத் தாண்டினால் வண்டி உதறுது’ என்று சும்மா சொல்லிப் பாருங்கள். ஒருவர் எஞ்சின் மவுண்டிங் என்பார்; இன்னொருவர் கார்புரேட்டரில் கையே வைத்துவிடுவார்.

அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி, வண்டியைச் சற்று உருளவிட்டால் போதும். உதறல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் எஞ்சின் நிரபராதி. ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரத்தைப் பாருங்கள். சீட்டுக்கடியில் குறுகுறுத்தால் பின்சக்கரம். இல்லாவிட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் யூ-ஜாயின்ட் கிராஸ்.

பல நேரம் சக்கரத்தைச் சமன்செய்ய ரிம் விளிம்பில் இருந்த ஈயக்கட்டி ஒன்று விழுந்திருக்கும். அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும், குனிந்தால். குனிய யாருக்கு மனசு வரும்? வீல் பாலன்ஸிங் கடை எதிரிலேயே இருக்கும். நம் வைத்தியர்கள் அதற்குள் கியர்பாக்ஸைக் கீழே இறக்கியிருப்பார்கள்.