மாமா சொன்னால் சரியாக இருக்கும்

எங்கள் குடும்பத்தில் பட்டதாரி நான் ஒருவன்தான். 1998-இல் பொறியியல் கவுன்சலிங்குக்காக அண்ணா பல்கலைக்கழக வளாகத்து மரத்தடியில் அப்பாவோடு புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டதும் கை கழுவாமல் உள்ளே ஓடி, காலியாக இருந்த இடங்களில் ஒன்றைக் காட்டி "இது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது என்ன படிப்பு என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கு மூன்றாம் வருஷம் தெரிந்தது. இந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு, சொந்தத்தில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்று கால் நூற்றாண்டாகத் தீர்ப்பு சொல்லி வருகிறேன்.

2018-இல் போளூரில் இருக்கும் என் தங்கை மகள் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். அரசுப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தார்கள். "இங்கிலீஷ் வேணும்மா, பிற்காலத்துல கஷ்டப்படும்" என்று நான்தான் குறுக்கே விழுந்து, டை கட்டும் பள்ளி ஒன்றைக் கைகாட்டினேன். மாப்பிள்ளை குட்டியானை ஓட்டுகிறவர். மச்சான் சொன்னால் சரியாக இருக்கும் என்று கடன் வாங்கிக் கட்டினார். அடுத்த வருஷ ஃபீஸைக் கேட்டதும் ஏழாம் வகுப்புக்குப் பிள்ளை அரசுப் பள்ளிக்கே போய்விட்டாள். மிஞ்சிய டை, வண்டியின் சைடு கண்ணாடி ஆடாமல் இழுத்துக் கட்டப் பயன்பட்டது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021-இல் பொறியியலுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். 2022-இல் புதுமைப்பெண் திட்டம் வேறு, மாதம் ஆயிரம் ரூபாய். இத்தனைக்கும் முக்கியமான நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

ஆறு முதல். ஏழு முதல் அல்ல.

இரண்டு வருஷம் கழித்து வரப்போகும் சட்டம் 2018-இல் எனக்கெப்படித் தெரியும்? தங்கையும் அதைப் பற்றி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் வீட்டுக் காபியில் எனக்கு மட்டும் சர்க்கரை குறைந்தது.

அதனால் 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், பரிகாரமாக, பொறியியல் கவுன்சலிங் விண்ணப்ப வேலை முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். கணக்கில் 88, இயற்பியலில் 90-இல் பாதி 45, வேதியியலில் 86-இல் பாதி 43. 200-க்கு 176 கட் ஆஃப். தெருவில் பெயர் கேட்பவர்கள் குறைந்து, கட் ஆஃப் கேட்பவர்கள் கூடினார்கள். விண்ணப்பித்த எல்லோருக்கும் பத்து இலக்கத்தில் ஒரு ரேண்டம் எண் கொடுப்பார்கள். எல்லாவற்றிலும் இருவர் சமமாக நின்றால், கடைசியில் முடிச்சவிழ்க்க மட்டும் அது. மாப்பிள்ளை டீக்கடையில் அதை மார்க் என்றே நினைத்துச் சொல்லிவிட்டார். "கோடிக்கணக்குல எடுத்திருக்கா" என்று இரண்டு நாள் பேச்சு.

முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. பெற்றோர், இருபக்கத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. இ-சேவை மையத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதையும் நான் கெடுத்திருப்பேனோ?

"தம்பி, தாய்மாமன் டிகிரி வாங்கியிருந்தா?"

பையன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமல், "மாமால்லாம் கணக்குலயே வர மாட்டாங்க சார்" என்றான்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் தாய்மாமனைப் பற்றி அரசாங்கம் இப்படி ஒரே வார்த்தையில் முடித்திருக்க வேண்டாம்.

அடுத்து வருமானச் சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலர் "மாசம் என்ன வருது?" என்றார். மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, "நல்லா ஓடினா இருபத்தஞ்சாயிரம் பார்ப்பேன் சார்" என்றார். மேசைக்குக் கீழே அவர் வலது காலை மிதித்தேன். டீசல், டியூ, டயர் எல்லாம் போக ஆறாயிரம் என்று மெதுவாக இறங்கி வந்தார். ஒரு மாதம் கழித்து, கல்விக் கடன் கேட்டு வங்கியில் உட்கார்ந்தோம். மேலாளர் அதே கேள்வியைக் கேட்டார். மாப்பிள்ளை பாடத்தை மறக்காமல், "ஆறாயிரம்தான் சார் மிஞ்சும்" என்றார். "அப்ப கடனை எப்படிக் கட்டுவீங்க?" என்றார் மேலாளர். இடது காலை மிதித்தேன். இரண்டு தொகையும் உண்மைதான். எந்த மேசையில் எதைச் சொல்வது என்பதைத்தான் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

கல்விக் கடன் விதிகள் வாசிக்க வாசிக்க இனிக்கும். நான்கு லட்சம் வரை அடமானமும் வேண்டாம், கையிலிருந்து பங்கும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரைகூட சொத்து ஜாமீன் கிடையாது. (அந்த 7.5 எங்களை விடுவதாக இல்லை.) படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை. மேலாளர் இதில் எதையும் மறுக்கவில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்றார். நான்கு வாரம் போனேன். அங்கிருந்த காவலாளி என்னை ஊழியர் என்று நினைத்து வணக்கம் வைக்க ஆரம்பித்தார்.

இதற்கிடையில் ஓடிபி. விண்ணப்பத்தில் என் செல்போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன், பொறுப்பான ஆள் என்ற முறையில். கடைசி நாளுக்கு முந்தின நாள் முடிவெட்டப் போனவன் போனைச் சட்டைப்பையிலேயே வைத்து, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டேன். பாதி மீசையில் சவரக்கத்தி இருக்கும்போது சலூன் வாசலில் மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். தங்கை மகள் தணிந்த குரலில், "ஓடிபி வந்துச்சா மாமா?" என்று மட்டும் கேட்டாள். வந்திருந்தது. மூன்று முறை. மூன்றும் காலாவதி.

விருப்பப் பட்டியல் நிரப்புவதையும் நானே செய்தேன். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண். 1 என்றால் கிண்டி, 2006 என்றால் பி.எஸ்.ஜி. கவுன்சலிங் மாதத்தில் ஊரே கல்லூரிகளை எண்ணால்தான் பேசும். கண்ணாடி போடாமல் ஓர் எண்ணில் இரண்டு இலக்கத்தை மாற்றித் தட்டியிருக்கிறேன். முதல் விருப்பமாக, நாங்கள் யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு கல்லூரி ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. அவள் ஒருமுறை மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தாள். "மாமா, நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்களேன்."

டீ சாப்பிட்டு வருவதற்குள் பட்டியல் முழுவதையும் மாற்றிவிட்டாள். அவளுடைய செல்போன் எண்ணைப் பதிவு செய்துவிட்டாள். வங்கிக்கும் ஐந்தாம் வாரம் தனியாகப் போனாள். விதிகளின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்து, "முடியாதுன்னா அதை எழுத்துல குடுங்க சார்" என்றாளாம். எழுதுவதைவிடக் கடன் கொடுப்பது சுலபம் என்று மேலாளருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பத்து நாளில் கிடைத்துவிட்டது.

இப்போது கவுன்சலிங்கில் கிடைத்த கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். கல்விக் கட்டணம் குறைந்தது. அதில் மிச்சமானதைப் பஸ் கட்டணமும், "பயிற்சி மற்றும் இதர" என்ற ஒற்றை வரியும் வாங்கிக்கொண்டன. அந்த "இதர" என்னவென்று நான் கேட்கப் புறப்பட்டேன். வேண்டாம் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். 2021-இல் ஆறாம் வகுப்பு சேர்ந்தான், நேராக அரசுப் பள்ளியில். அந்த முடிவை எடுக்கும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.