கறுப்புத்திரைக்காரர்

எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். சர்வர் ரூமுக்குப் பக்கத்து சீட், தினமும் கறுப்பு டீஷர்ட், மவுஸ் இருக்க வேண்டிய இடத்தில் டீ டம்ளர். பதவி சிஸ்டம் அட்மின். மற்றவர்கள் வைத்த பெயர் கறுப்புத்திரைக்காரர். 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு சென்ட்ஓஎஸ் 7 என்ற சர்வர் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆயுள் முடிந்ததே, அதற்கு அவர் துக்கம் அனுசரித்தாரா என்று டீஷர்ட்டை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

மணி என்ன என்று கேட்டால், கையில் வாட்ச் இருந்தாலும் ‘டேட்’ என்று கமாண்ட் அடித்துப் பார்த்துத்தான் சொல்வார். சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுவதால், ஐந்தரை மணி நேரத்தை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். இவரிடம் ஃபைல் எங்கே என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் ஃபைல் வராது. ஃபைல் தேடும் சாஃப்ட்வேர் வரும்.

அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு இது தெரியாது. “தம்பி, ராயபுரம் குடோன் வாடகை அக்ரிமென்ட்டு ஷேர் ஃபோல்டர்ல எங்கயோ இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்றியா? மத்தியானத்துக்குள்ள வேணும்.”

“பாக்கறது என்னக்கா, இந்தத் தேடுற பிரச்சினையையே ஒழிச்சுக் கட்டிடலாம்.”

அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது.

எதைக் கொண்டு தேடுவது என்பதிலேயே முதல் நாள் போனது. கென் தாம்ப்சன் எழுதிய கிரெப் 1973-இல் பிறந்தது. “என்னைவிட மூத்தது” என்று மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் பிடிஎஃப்புக்குள் இருக்கும் எழுத்து அதன் கண்ணில் படாது. பிடிஎஃப்கிரெப் கண்ணில் படும். படும்தான், ஒவ்வொரு தடவையும் எல்லா ஃபைலையும் முதலிலிருந்து படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் தேறியது ரீகால். அது எல்லாவற்றையும் ஒருமுறை படித்து இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும். பிறகு கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும்.

உபுண்டு சர்வரில் ‘ஆப்ட் இன்ஸ்டால் ரீகால்’ என்று ஒரு வரி அடித்தால் வேலை முடிந்தது. அடித்தார். விண்டோ, பட்டன் வகையறாக்களும் கூடவே வருவதாகத் திரையில் பட்டியல் நீண்டது. “சர்வர்ல போய் பட்டனா!” என்று ரத்து செய்துவிட்டு, கமாண்ட் மட்டுமே உள்ள ‘ரீகால்சிஎம்டி’யைப் போட்டார். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவருக்கு முகம் வாடிப்போனது.

நல்லவேளையாக, ரீகாலுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தெந்தத் துணை நிரல் இல்லாததால் எதையெதைப் படிக்க முடியவில்லை என்று ‘மிஸ்ஸிங்’ என்ற ஃபைலில் எழுதி வைத்துவிடும். பழைய வேர்ட் ஃபைலுக்கு ஆன்டிவேர்ட், ஆர்டிஎஃப்புக்கு அன்ஆர்டிஎஃப், பிடிஎஃப்புக்குப் பாப்ளர். ஸ்கேன் செய்த காகிதத்துக்கு டெஸ்ஸராக்ட் வேண்டும், அதற்குத் தமிழ் படிக்கத் தனி பேக்கேஜ் வேண்டும். அந்தப் பட்டியலைப் படித்தபோது, கல்யாண வீட்டில் மளிகை லிஸ்ட் கைக்கு வந்த தாய்மாமன் மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

அடுத்தது தமிழ். ஆபீஸ் கடிதங்களில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம். அதில் ‘தமிழ்’ என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். யூனிகோடில் எவ்வளவு தேடினாலும் சிக்காது. “ஜே கே பி ஓன்னு தேடினா சிக்கும்” என்று அவர் சொன்னபோது, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

பர்மிஷன் தொல்லை வேண்டாம் என்று இண்டெக்ஸை ரூட் யூசராகவே ஓட்டினார். ரூட்டுக்கு எந்தக் கதவும் பூட்டில்லை. ராத்திரி முழுக்க அது ஒவ்வொருவர் ஃபோல்டராக நிதானமாகப் படித்தது.

மறுநாள் அவர் சீட்டைச் சுற்றிக் கூட்டம். ‘ராயபுரம் வாடகை’ என்று அடித்தார். கண் இமைப்பதற்குள் அக்ரிமென்ட் வந்து நின்றது. அக்கா கைதட்டினார். மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“என் பேரைப் போட்டுப் பாருங்க சார்!”

போட்டார். ஒவ்வொரு வரியிலும் ஃபைலின் வகை, இருப்பிடம், தலைப்பு, எத்தனை பைட் என்ற கணக்கு. முதலில் நாலைந்து சர்க்குலர்கள். அதற்குக் கீழே, ‘பர்சனல்’ ஃபோல்டருக்குள் ‘ரெசிபி’ ஃபோல்டருக்குள் ஒரு ராஜினாமா கடிதம், கைதட்டிய அக்காவுடையது. அதற்கும் கீழே, மேனேஜரின் பெட்ரோல் பில்களைப் பற்றி ஹெட் ஆபீஸுக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த புகார். கூட்டத்தில் ஒருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மேனேஜரைப் பாமினியில் திட்டியவர்கள் மட்டும் பட்டியலில் வரவில்லை.

அத்தனை வருஷமாக அந்த ஆபீஸில் யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. எல்லோரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

“உடனே தூக்குங்க அதை” என்றார் மேனேஜர். கறுப்புத்திரைக்காரர் எல்லோர் முன்னாலும் ‘ஆப்ட் பர்ஜ்’ அடித்தார். வரிவரியாக நீங்கியது. கூட்டம் மூச்சு விட்டது.

பர்ஜ் சாஃப்ட்வேரைத்தான் நீக்கும். ஹோம் டைரக்டரியில் கிடக்கும் இண்டெக்ஸைத் தொடாது. மேனுவல் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். அந்த ஆபீஸில் மேனுவல் படிக்கிறவர் ஒருவர்தான். இந்த வருஷ இன்கிரிமென்ட் பட்டியலில் அவர் பெயரை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியிலேயே இருந்தது.