ரெஃபரியின் தாயார்

பாலக்காட்டுப் பக்கம் எந்தக் கூடைப்பந்து மைதானத்துக்கு வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். முதல் குவார்ட்டர் முடிவதற்குள் (ஆட்டத்தின் குவார்ட்டரைச் சொல்கிறேன், கேலரிக்குப் பின்னால் நடப்பது வேறு கணக்கு) அங்கே யார் பேச்சு அதிகம் அடிபடுகிறது என்று தெரிந்துவிடும். பந்தைக் கூடையில் போட்ட பையன் பேச்சல்ல. கோப்பைக்குக் காசு கொடுத்த நகைக்கடை முதலாளி பேச்சும் அல்ல. ரெஃபரியின் தாயார். பெயர் யாருக்கும் தெரியாததால் உறவுமுறை சொல்லியே அழைக்கிறார்கள்.

அந்த அம்மாள் ஆயுளில் ஒரு கூடைப்பந்து ஆட்டம் பார்த்திருக்க மாட்டாள். அந்நேரம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். இங்கே அவள் மகன் ஊதும் ஒவ்வொரு விசிலுக்கும் அவளுடைய கற்பு மலையாளத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் விசாரணைக்கு வருகிறது. இருமொழிப் புலமைக்குப் பெயர்போன ஜில்லா. வசவில் மட்டும் விட்டுக்கொடுத்துவிடுவார்களா? ரெஃபரி பெண்ணாக இருந்தால் தாயாரைத் தேடும் சிரமம்கூட இல்லை. நேராக அவளிடமே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மகன் யார்? வார நாளில் பி.டி. மாஸ்டர், இல்லாவிட்டால் வங்கியில் கிளார்க், மின்வாரியத்தில் ஒரு வேலை. சனி ஞாயிறில் கறுப்புப் பேண்ட், கறுப்பு ஷூ, சாம்பல் சட்டை, கழுத்தில் விசில். உடை மாற்ற அறை கிடையாது, கழிப்பறைச் சுவர் மறைவுதான். கிடைக்கும் படி, பெட்ரோலுக்கும் ராத்திரி புரோட்டாவுக்கும் போக மிஞ்சினால், தொண்டைக்கு ஒரு மாத்திரை வாங்கத் தேறும். "எத்ர காசு மேடிச்செடா?" என்று கேலரியிலிருந்து ஒருவன் கேட்கிறான். அவன் மேடித்திருந்தால் அந்தப் பழைய பைக்கின் கிக்கரை இத்தனை நேரம் உதைத்துக்கொண்டிருப்பானா?

கேலரியில் ஒரு மாமா கட்டாயம் இருப்பார். ஐப்பசிக் கடைசியில் விஸ்வநாதசுவாமி கோயில் தேரை ஒட்டிக் கல்பாத்தியில் சங்கீத உற்சவம் நடக்குமே, அங்கே முன்வரிசையில் இவரைப் பார்க்கலாம். மிருதங்க வித்வான் மணி ஐயர் பெயரோடு ஒட்டிய ஊரின் மானம் தன் தொடையில்தான் இருக்கிறது என்பதுபோல, தனி ஆவர்த்தனத்துக்கு ஓர் அட்சரம் பிசகாமல் தாளம் போடுவார். பின்னால் யாராவது பொட்டலம் பிரித்தால் திரும்பி ஒரு பார்வை. பொட்டலம் தானே மூடிக்கொள்ளும். பாடகர் ஸ்வரம் தப்பினாலும் மேடையைப் பார்த்து மூச்சு விடமாட்டார். ஆத்துக்கு வந்து காபி குடித்துக்கொண்டே மாமியிடம்தான் சொல்வார். அவ்வளவு நாகரிகம்.

அந்த மாமாதான் சனிக்கிழமை சாயங்காலம் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார். "ட்ராவல்! ட்ராவல்! மூணு அடி வெச்சானே, நோக்குக் கண்ணு பொட்டையா?" என்கிறார். சர்வதேசச் சம்மேளனமான ஃபீபா அந்த விதியை 2017 அக்டோபரிலேயே மாற்றிவிட்டது. ஓடிக்கொண்டே பந்தைக் கையில் சேர்க்கும்போது தரையில் இருக்கிற கால் கணக்கில் வராது. அதற்கப்புறம் வைப்பதுதான் ஒன்று, இரண்டு. மாமா விதி படித்தது காலேஜ் டீமில் ஆடிய நாளில். அப்போது ஆட்டம் 20 நிமிஷமாக இரண்டு பாதி, கூடைக்கு எறிய 30 விநாடி. 2000-ல் அது 10 நிமிஷமாக நாலு குவார்ட்டர், 24 விநாடி என்று ஆனது. மாமாவுக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை. ஓர் அட்சரம் குறைந்தால் துடித்துப்போகிறவருக்கு, கையிலிருக்கும் விதிப்புத்தகம் காலாவதியாகி இத்தனை வருஷம் ஆனது மட்டும் உறுத்தவே இல்லை.

இப்போதைய விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த நகைச்சுவை ஒன்று உண்டு. ரெஃபரியின் அதிகாரம் ஆட்டத்துக்கு 20 நிமிஷம் முன்னால் அவன் மைதானத்தில் கால் வைக்கும்போது தொடங்கும். கடைசி மணி அடித்து, ஆட்டம் முடிந்ததென்று ரெஃபரிகள் ஒப்புக்கொண்டதும் முடியும். அதிகாரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலி போட்டவர்கள் வசவுக்குப் போட மறந்துவிட்டார்கள். ஆட்ட நேரத்தில் வாய் நீளும் ஆட்டக்காரனுக்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுக்கலாம். எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ. இரண்டு வாங்கினால் அவன் வெளியே. நிலைமை கைமீறினால் ஆட்டத்தையே நிறுத்தலாம். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. நிறுத்திய பிறகு பைக் நிறுத்தின இடம்வரை எப்படிப் போய்ச் சேருவது என்பதற்கு மட்டும் ஷரத்து இல்லை. போய்ச் சேர்ந்தால் டயரில் காற்று இருக்காது, சீட்டில் வெற்றிலைத் துப்பல் இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் நாலு பேர் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள், சும்மா.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பொது இடத்தில் பிறர் மனம் நோக ஆபாசமாகப் பேசினால் பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு தாயாருக்கு உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். அதற்கும் யாராவது ஸ்டேஷன் படியேறினால், ரைட்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு முதலில் கேட்கப்போவது, "அது இருக்கட்டும் சாரே, அந்த ஃபவுல் நிஜமாவே ஃபவுல்தானா?"

இத்தனைக்கும், நாட்டுக்கே ஒரு ரெஃபரியைக் கொடுத்த ஊர் இது. திருநெல்லாய் அக்ரஹாரத்து டி.என். சேஷன். 1990 டிசம்பரிலிருந்து 1996 டிசம்பர் வரை தலைமைத் தேர்தல் ஆணையர். அவர் புதிதாக ஒன்றும் எழுதிவிடவில்லை. இருந்த விதியை எடுத்து ஊதினார், அவ்வளவுதான். அரசியல் கட்சிகளுக்கான நடத்தை விதி என்ற சமாச்சாரமே 1960-ல் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் பிறந்தது. முப்பது வருஷம் தூங்கிக்கொண்டிருந்த அந்தக் குழந்தையை எழுப்பிவிட்டதற்காக அவருக்கு 'அல்சேஷன்' என்று பெயர் வைத்தார்கள். பதவியிலிருந்து இறக்கப் பார்த்தார்கள். முடியாமல் போகவே 1993-ல் பக்கத்துக்கு ஒருவராக இன்னும் இரண்டு ஆணையர்களை உட்கார வைத்தார்கள். (கூடைப்பந்திலும் பெரிய ஆட்டங்களுக்கு மூன்று ரெஃபரிகள். திட்டு மூன்றாகப் பங்கு பிரியும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஆளுக்கு முழுசாகவே கிடைக்கிறது.)

1996-ல் மகசேசே விருது வந்தது. அன்றிலிருந்து பாலக்காட்டில் சேஷனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களின் தொகை ஏறிக்கொண்டே போகிறது. அந்த பெஞ்சு ஒலவக்கோடு ஜங்ஷன் வரை நீண்டிருக்க வேண்டும். ஆனால் 1997-ல் குடியரசுத் தலைவர் பதவிக்கும் 1999-ல் காந்திநகர் மக்களவைத் தொகுதிக்கும் நின்றாரே, இரண்டிலும் தோற்றார். ஊதுகிறவனுக்குக் கைதட்டலாம், ஆனால் அவன் நம்ம தெருப் பக்கம் வந்து ஊதிவிடக் கூடாது.

சேஷன் கையில் அரசியல் சாசனத்தின் 324-ஆம் பிரிவு இருந்தது. பின்னால் துணை ராணுவம் நின்றது. நம் பையன் கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் விசில், பின்னால் நிற்பது கடலைக்காரன். "இன்னிக்கு ஒரு சேஷன் இருந்திருந்தா நாடு இப்படி நாறுமோ?" என்று திண்ணையில் உருகும் அதே வாய், பேரனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்து அவன் பெஞ்சுக்குப் போகும்போது, நாடு நாறாமல் பார்த்துக்கொண்டவனை என்னவெல்லாம் சொல்கிறது! விதி அடுத்தாத்துப் பிள்ளைக்கு வந்தால் கண்டிப்பு. நம்மாத்துப் பிள்ளைக்கு வந்தால் லஞ்சம்.

பெரிய இடத்திலும் இதே கூத்துதான், தொகை மட்டும் பெரிசு. 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். கால்பந்து நாக்அவுட். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று வலைக்குள் தட்டிவிட்டார். ரெஃபரி கிறிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரள பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே கூட்டிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறினார். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் மறு ஆட்டம் கிடையாது என்றது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சமும். ரசிகர்களுக்கு அவர் அன்றிலிருந்து வீரபுருஷர். கிறிஸ்டல் ஜானுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று அன்றிரவு கைப்பேசி வைத்திருந்த எந்த மலையாளியையும் கேளுங்கள். இதைப் பார்த்து வளரும் பத்தாம் வகுப்புப் பையன் என்ன கற்றுக்கொள்வான்? ஆட்டம் தோற்றால் வெளியே போ. வாசலில் மாலை காத்திருக்கும்.

இப்போது பல ரெஃபரிகள் கடித்துக்கொண்டிருக்கும் விசிலுக்கும் ஒரு கதை உண்டு. ஃபாக்ஸ் 40. உள்ளே உருளும் குண்டு கிடையாது. உண்டாக்கியவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடாக்காரர், அவரும் கூடைப்பந்து ரெஃபரி. 1984-ல் பிரேசிலில் ஒலிம்பிக்குக்கு முந்தைய போட்டி ஒன்றில் ஃபவுலைப் பார்த்து ஊதினார். குண்டு சிக்கிக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது. கூட்டம் கொந்தளித்துவிட்டது. ஊர் திரும்பியவர் குண்டே இல்லாத விசிலைச் செய்ய முனைந்தார். நல்ல காரியம்தான். ஊதினால் திட்டுகிறார்கள், சத்தம் வராவிட்டால் கலவரம் செய்கிறார்கள். முடிவில் திருத்தியமைக்கப்பட்டது விசில். கூட்டத்தைத் திருத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

திருந்தாத கூட்டம் எதுவரை போகும்? 2012 டிசம்பரில் நெதர்லாந்தில் அல்மேரா நகரத்துக் கால்பந்து மைதானம் ஒன்றில் ரிச்சர்ட் நியூவென்ஹவுசன் என்பவர் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தார். வயது 41. சம்பளம் கிடையாது, மகன் ஆடுகிற கிளப், ஆள் வேண்டுமென்றார்கள், நின்றார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் செத்துப்போனார். தண்டனை பெற்றவர்களில் பதின்வயதுப் பையன்களோடு ஒருவனின் அப்பாவும் இருந்தார். பிள்ளையை மேட்சுக்குக் கூட்டிக்கொண்டுவந்த அப்பா. நம் கேலரியிலும் அப்பாக்கள் நிறையப் பேர் வருகிறார்கள்.

இங்கே யாரும் சாகவில்லை, மனசு மட்டும்தான் விட்டுப்போகிறது. அது எப்படி விட்டுப்போகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். கடைசி குவார்ட்டர், இரண்டு பாயிண்ட் வித்தியாசம், உள்ளூர் அணி முன்னால். கூடைக்கடியில் உள்ளூர்ப் பையனின் முழங்கை எதிராளியின் விலாவில் இறங்குகிறது. ரெஃபரி பார்க்கிறான். மூன்றடி தூரம். விசில் பல்லுக்கு நடுவில் இருக்கிறது. ஊதவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று கையை வீசிக்கொண்டே ஓடுகிறான். கேலரி ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்த ஆட்டத்திலேயே முதல் தடவையாக அவன் தாயார் நிம்மதியாகக் கீரை உருவுகிறாள். ஊதாவிட்டால் சுகம் என்பதை உடம்பு அந்த நொடியில் கற்றுக்கொள்கிறது. காசு வாங்கினான் என்று கத்திக் கத்தி, காசே வாங்காமல் அவனை ஒருபக்கம் சாய வைத்தாயிற்று. ராத்திரி படுத்தால் அந்த முழங்கை இறங்கிக்கொண்டே இருக்கிறது. பெண்டாட்டி, "போறுமே, யாருக்காக இது?" என்கிறாள். பதில் இல்லை.

அடுத்த வாரம் கன்வீனர் போன் செய்கிறார்: "ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

"ஆத்துல ஒரு விசேஷம் சார்."

அதற்கடுத்த வாரமும் விசேஷம். பிறகு சீமந்தம், ஆண்டு நிறைவு, தூரத்துச் சித்தப்பாவின் சதாபிஷேகம். யாரும் ராஜினாமாக் கடிதம் கொடுப்பதில்லை. வருஷம் முழுக்க விசேஷம் நடக்கும் குடும்பங்கள் ஊரில் அதிகமாகின்றன, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2018-19 சீசனுக்குப் பிறகு பள்ளி விளையாட்டுகளிலிருந்து சுமார் 50,000 நடுவர்கள் கழன்றுகொண்டார்கள் என்று அங்குள்ள பள்ளிச் சம்மேளனங்களின் கூட்டமைப்பு எண்ணிச் சொன்னது. நாம் எண்ணுவது ஃபவுலை.

எண்ண வேண்டிய நிலைமை வந்தால் என்ன நடக்கும்? கமிட்டி கூடும். எல்.இ.டி. ஸ்கோர்போர்டுக்கும் வாணவேடிக்கைக்கும் எம்.எல்.ஏ.வுக்குப் போர்த்தும் பொன்னாடைக்கும் பணம் ஒதுக்கிய பிறகு, 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் ரெஃபரி தட்டுப்பாடு வரும். இந்தக் காலத்துப் பையன்களுக்கு அர்ப்பணிப்பு இல்லை என்பார் ஒருவர். தோல் தடிக்க வேண்டும் என்பார் இன்னொருவர். தடித்த தோல்தான் தகுதி என்றால், தேரைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளக் கல்பாத்திக்கு யானை வருமே, அதன் தும்பிக்கையில் விசிலைக் கட்டிவிட்டால் போயிற்று. அதனிடம் போய் யாரும் தாயாரை விசாரிக்கமாட்டார்கள். கேலரியில் ஒரு போலீஸ்காரர் நிற்கலாமே என்று கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வரும்; கூட்டம் குறைந்துவிடும் என்று தள்ளுபடி ஆகும். மைதானத்தில் வாய் நாறப் பேசும் பயிற்சியாளரை ஒரு சீசன் நிறுத்தி வைக்கலாமே என்றால், அந்தப் பயிற்சியாளரே கமிட்டியில் உட்கார்ந்திருப்பார். முடிவில் ரெஃபரிகள் மனஅழுத்தத்தைச் சமாளிப்பதற்காக அரை நாள் யோகா முகாம் ஏகமனதாக நிறைவேறும். அடி வாங்குகிறவனுக்கு மூச்சுப் பயிற்சி. அடிப்பவருக்கு முன்வரிசை நாற்காலி, இஞ்சி போட்ட மோர்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு யார் ஊதுவது என்ற கேள்வி அப்படியே இருக்கும். யோகா அடுத்த மாசம்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாருக்கோ மாமா ஞாபகம் வரும். விதி அத்தனையும் தலைகீழாகத் தெரிந்தவர், எந்த ரெஃபரியும் தப்ப முடியாத கண். விசிலை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் ஆத்துக்கே போவார்கள். மாமா விசிலை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைப்பார்.

"நேக்கு முட்டு வலி. இல்லேன்னா ஒரு கை பாத்திருப்பேன்."